மோர் ஊற்றிய கையும் மோர் வாங்கிய கையும்

திண்ணைப் பேச்சு

வருஷா வருஷம் ஆகஸ்ட் மாதக் கடைசி வந்துவிட்டால், எங்கள் காலாப்பட்டு வழியாகப் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலை காவி நிறமாக மாறிவிடும். சென்னைப் பக்கமிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிற பக்தர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அங்கே ஆகஸ்ட் 29-ந் தேதி கொடியேற்றம். செப்டம்பர் 8-ந் தேதி மாதாவின் பிறந்த நாள் திருவிழா. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து, வீட்டு வாசலில் பானை வைத்து அவர்களுக்கு மோர் ஊற்றிக் கொண்டிருக்கிறேன். எத்தனை லிட்டர் தயிர், எவ்வளவு இஞ்சி, யார் டம்ளர் கழுவுவது என்று எல்லாம் என் திட்டப்படிதான் நடக்கும். மோர் மட்டுமல்ல, என் வீட்டில் ஒரு தேங்காய் மூடி கூட எனக்குத் தெரியாமல் இடம் மாறாது. சிரிக்கிறீர்களா? உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இதே கதைதான் என்று எனக்குத் தெரியும், சகோதரிகளே!

2023-ம் வருஷம் மழைக்காலத்தில் என் மகளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. அப்போது அவள் பிளஸ் ஒன் படித்துக் கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் தினமும் ரத்தத் தட்டணுக்களை எண்ணிச் சொல்வார்கள். எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போயிற்று. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக என் கையில் எதுவும் இல்லை. கஞ்சி போட்டு ஆற்றித் தரலாம். தட்டணுவை ஏற்ற முடியுமா? அன்று ராத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, "மாதாவே, இவளை உன்கிட்டே விட்டுட்டேன். பிழைச்சு வந்தா ரெண்டு பேரும் நடந்தே வந்து உன்னைப் பார்க்கிறோம்" என்று வேண்டிக் கொண்டேன். டாக்டர்களும் நர்ஸம்மாக்களும் நன்றாகப் பார்த்துக் கொண்டார்கள். ஆறாம் நாள் எண்ணிக்கை ஏறத் தொடங்கிற்று.

விட்டுவிட்டேன் என்றேனே தவிர, வீடு வந்து சேர்ந்ததும் விட்டதைத் திருப்பி எடுத்துக் கொண்டேன். சாப்பாடு, தூக்கம், படிப்பு, சிநேகிதி எல்லாவற்றுக்கும் நான் வைத்ததுதான் சட்டம். அவளும் எதிர்த்துப் பேசவில்லை. பேசுவதையே குறைத்துக் கொண்டாள், அவ்வளவுதான்.

2024 ஆகஸ்ட் 30-ந் தேதி விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். எங்கள் குழுவில் முப்பத்திரண்டு பேர், அதில் பெண்கள் பதினாலு பேர். அலங்கரித்த மாதா சுரூபத்தோடு ஒரு தள்ளுவண்டி. பாத்திரம், அரிசி, துணி மூட்டைகளுக்கு ஒரு சின்ன சரக்கு வண்டி. வேளாங்கண்ணிக்கு எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய 170 கிலோமீட்டர். விடியற்காலையும் சாயங்காலமும் நடை. வெயில் நேரத்தில் ஓய்வு. ராத்திரி பள்ளிக்கூடத் தாழ்வாரம், மண்டபம், கோவில் வளாகம் என்று எங்கே இடம் கொடுக்கிறார்களோ அங்கே படுக்கை.

குழுத் தலைவி, எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிற அக்கா. கிறிஸ்தவரே இல்லை. ஆனாலும் பதினைந்து வருஷமாக மாதாவுக்கு நடக்கிறவர். பல வருஷம் நான் அவரிடம் வஞ்சிர மீனுக்குப் பேரம் பேசியிருக்கிறேன். அவர் சொல்லி நான் கேட்க வேண்டும் என்பதே முதல் நாள் எனக்குத் தொண்டையில் முள்ளாக இருந்தது.

வேலையைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். எனக்குப் பாத்திரம் கழுவுகிற வேலை. சமையலுக்குச் சீட்டு வந்தது யாருக்கு? கல்யாணமாகாத இரண்டு பையன்களுக்கு! சாம்பாரில் பருப்பு வேகவில்லை, தாளிப்பு கருகியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கரண்டியைப் பிடுங்கப் போனேன். அக்கா பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, பசிக்குச் சாப்பிட வந்திருக்கோம். மாப்பிள்ளை வீட்டு விருந்து இல்லே இது. நீ போய் உட்காரு."

உட்கார்ந்தேன். வேகாத பருப்பைத் தின்றேன். நிஜமாகவே பசி; நன்றாகத்தான் இருந்தது.

புதுச்சேரி, அரியாங்குப்பம், கடலூர் தாண்டி இரண்டு நாள் ஒழுங்காகப் போயிற்று. மூன்றாம் நாள் காலை ஆலப்பாக்கத்திலிருந்து சிதம்பரம் நோக்கி நடந்தோம். பத்து மணிக்கு மேல் யாரும் வெயிலில் நடக்கக் கூடாது, கூட்டத்தை விட்டுப் பிரியக் கூடாது என்பது அக்காவின் கண்டிப்பான விதி. ஆனால் முந்தின ராத்திரி தங்கின இடத்தில் எங்களுக்குக் காற்றே வரவில்லை. இன்றைக்காவது முன்னால் போய் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டேன். எல்லாரும் புதுச்சத்திரம் பக்கம் புளிய மர நிழலில் உட்கார்ந்தபோது, "நாம மெதுவா நடந்துகிட்டே இருக்கலாம் வா" என்று மகளை இழுத்துக் கொண்டு கிளம்பிவிட்டேன். அவள் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் நடத்தினேன்.

பி.முட்லூர் வருவதற்கு முன்னால், ரோட்டோரத்தில் அவள் அப்படியே சரிந்துவிட்டாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பையில் நான் அடுக்கி வைத்திருந்த இருபது வகை மாத்திரையில் ஒன்று கூட ஞாபகத்துக்கு வரவில்லை. யாரோ ஒருவர் பைக்கில் போய்ச் சொல்ல, சரக்கு வண்டியில் அக்காவும் இரண்டு பெண்களும் வந்து சேர்ந்தார்கள். நிழலில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, துணியைத் தளர்த்தி, ஈரத் துணியால் கழுத்தையும் அக்குளையும் துடைத்து விசிறினார்கள். நன்றாகத் தெளிந்து, கேட்டதற்குப் பதில் சொன்ன பிறகுதான் உப்பு சர்க்கரைத் தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்தார்கள். அப்புறம் பக்கத்திலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினோம். வெயிலும் நீர் வற்றினதும்தான் காரணம் என்றார் டாக்டர்.

சகோதரிகளே, நான் மயங்கி விழாத குறையாகக் கேட்டது வேறு ஒன்று. டாக்டரிடம் அக்காதான் சொன்னார்: "முந்தா நாள்லேருந்து இந்தப் பொண்ணுக்கு மாதவிலக்கு, டாக்டரம்மா." என் மகளுக்கு மூன்று நாளாக மாதவிலக்கு. என்னிடம் சொல்லவில்லை. மீன்கார அக்காவிடம் சொல்லி, அவரிடம் துணி வாங்கி மாற்றிக் கொண்டிருக்கிறாள்.

"ஏண்டி என்கிட்டே சொல்லலே?" என்றேன். அவள் கண்ணை மூடிக் கொண்டே சொன்னாள்: "சொன்னா நீயே முடிவு பண்ணிடுவே, அம்மா. நான் வர வேணாம்னு சொல்லுவே. இல்லே, பஸ்ல ஏத்தி அனுப்பிடுவே. என்னைக் கேக்க மாட்டே."

அன்று ராத்திரி சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் தங்கினோம். நான் பையைக் கட்டி வைத்துவிட்டு, காலையில் முதல் பஸ்ஸில் ஊர் திரும்புவதாக அக்காவிடம் சொன்னேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அவளைக் கேட்டியா?"

பதினேழு வருஷத்தில் அந்தக் கேள்வியை நான் என்னையே கேட்டதில்லை. போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு என்னம்மா தோணுது?" என்று கேட்டேன். வார்த்தை என் வாயில் பழக்கமில்லாமல் தடுமாறிற்று. அவள் யோசித்துச் சொன்னாள்: "நாளைக்கு ஒரு நாள் வண்டியில வரேன். அப்புறம் உடம்பு நல்லா இருந்தா நடக்கறேன், முடியலேன்னா நானே சொல்றேன். நீ முன்னாடி நட, அம்மா. திரும்பித் திரும்பிப் பார்க்காதே."

மறுநாள் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி சீர்காழி வரை முன்னால் நடந்தேன். அதற்கடுத்த நாள் அவளும் பின்னால் மற்றப் பெண்களோடு நடந்தாள். திரும்பாமல் நடப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கழுத்து வலித்தது! பொய் சொல்லப் போவதில்லை. இரண்டு தடவை திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை அவள் யாரோடோ சிரித்துப் பேசிக் கொண்டு வந்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று.

திருக்கடையூர் தாண்டி, ஆறாம் நாள் தரங்கம்பாடியில் சற்று இளைப்பாறினோம். 1706-ல் சீகன்பால்கு என்கிற ஜெர்மானியப் பாதிரியார் கப்பலில் வந்து இறங்கிய ஊர் இது. அப்போது அவருக்கு வயது இருபத்துநாலு கூட நிரம்பவில்லை. போதிக்க வந்தவருக்கு இந்த ஊர்ப் பாஷை ஒரு எழுத்து கூடத் தெரியாது. சின்னப் பிள்ளைகளோடு மண்ணில் உட்கார்ந்து விரலால் அ, ஆ எழுதிப் பழகினாராம். 1715-ல் அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் வந்தது. கற்றுக்கொடுக்க வந்தவர் முதலில் தரையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்பதை நினைத்துக் கொண்டேன். எனக்கு அது நாற்பத்தைந்து வயதில்தான் வாய்த்தது.

காரைக்கால் தாண்டி நாகூர். தர்கா இருக்கிற ஊர். ரோட்டோரத்தில் ஒரு முஸ்லிம் பெரியவர் அண்டா வைத்து, நடந்து வருகிறவர்களுக்கெல்லாம் மோர் ஊற்றிக் கொண்டிருந்தார். "வாங்கிக்கம்மா, இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்றார். டம்ளரை நீட்டினேன். கை கூசிற்று. இத்தனை வருஷமாக நான் ஊற்றுகிற பக்கம் நின்றவள். ஊற்றுகிறவளுக்கு ஒரு சௌகரியம் உண்டு, சகோதரிகளே. எப்போது, எவ்வளவு, யாருக்கு என்பதெல்லாம் அவள் கையில். வாங்குகிறவளுக்கு அது கிடையாது. வந்ததைக் குடிக்க வேண்டும். வேளாங்கண்ணியில் மாதா காட்சி கொடுத்தது மோர் விற்ற ஒரு நடக்க முடியாத பையனுக்கு என்றும், தன் குழந்தைக்கு மோர் கேட்டு வாங்கினாள் என்றும் சொல்வார்கள். அந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். மாதாவே கை நீட்டி வாங்கினாள் என்பது நாகூர் ரோட்டில்தான் எனக்கு உறைத்தது.

எட்டாம் நாள் காலை வேளாங்கண்ணி. கூட்டத்தில் பீடத்தின் முன்னால் அரை நிமிஷம் கூட நிற்க முடியவில்லை. பட்டியல் போட்டு வைத்திருந்த வேண்டுதல்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. "அன்னிக்கு விட்டேன்னு சொன்னேனே, இன்னிக்கு நிஜமாவே விடறேன்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அதற்குள் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள்!

ஊருக்கு வந்ததும் நான் அடியோடு மாறிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டே வாரத்தில் பழைய குணம் எட்டிப் பார்த்தது. ஆனால் அந்த வருஷம் நவம்பர் 30-ந் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, அங்கேயே நின்று, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டிற்று. மின்சாரம் இல்லை. தாழ்வான வீடுகளிலிருந்து மூன்று குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்தது. அக்காவின் குடும்பமும் அதில் ஒன்று. என் அடுக்களையில் நாலு பெண்கள்! உப்பு ஜாடி எங்கேயோ போயிற்று, பருப்பு வேகவில்லை. என் மகள் என்னைப் பார்த்தாள். நான் கரண்டியை அக்காவிடம் நீட்டிவிட்டு, பாத்திரம் கழுவ உட்கார்ந்தேன். அவள் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து கழுவ ஆரம்பித்தாள்.

பொறுப்பை விடுவது வேறு, பிடியை விடுவது வேறு. இவருடைய ரத்தக் கொதிப்பு மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று இன்றும் கேட்கிறேன். ஆனால் வாயில் போட்டுவிடுவதில்லை.

நடைப் பயணம் போகிற சகோதரிகளுக்குச் சில வார்த்தை: புதுச் செருப்போடு கிளம்பாதீர்கள், ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் கொஞ்சம் நடந்து பழகுங்கள். காலில் கொப்புளம் வந்தால் குத்தி உடைக்காதீர்கள். சுத்தமாகக் கழுவித் துடைத்து, மேலே மெல்லிய துணி கட்டுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பவே கூடாது. தினமும் ராத்திரி பாதத்தைப் பார்த்துக் கொள்ள வேண்டும். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலை தட்டி அளந்து கலந்து கூடவே வைத்திருங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மாதவிலக்கு நாளாக இருந்தால் கூட வருகிற ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.

அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டுமென்றால், இன்றைக்கு ராத்திரியே மகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வருகிற வரை வாயை மூடிக் கொண்டிருங்கள். அதுதான் கஷ்டம்!