பழைய லாரிக்கும் அதன் எண்ணுக்கும் மதிப்பு வேண்டும்

பழைய மைசூர் மாநிலத்து வண்டிகளின் பதிவு எண் ‘எம்.ஒய்.’ என்று தொடங்கும். 1973 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலத்தின் பெயர் கர்நாடகம் என்று மாறியது. பின்னர் ‘சி.ஏ.’ என்று தொடங்கும் எண்கள் வந்தன. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தபோது, நாடு முழுவதற்கும் ஒரே முறை ஏற்பட்டு, நமக்கு ‘கே.ஏ.’ ஆயிற்று. இன்று தங்கவயல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எண் கே.ஏ. 08. ஆகவே ஒரு வண்டியின் எண்ணைப் படித்தாலே அதன் காலமும் ஊரும் ஓரளவு தெரிந்துவிடும்.

பழைய வண்டிகளைப் பாதுகாக்க மத்திய அரசு 2021 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் கொண்டு வந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாமல், முதலில் இருந்த வடிவிலேயே இருக்கும் வண்டிகள் ‘விண்டேஜ்’ வண்டிகளாகப் பதிவு பெறலாம். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவு செய்தால் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட தனி வரிசையில் எண் கிடைக்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என்றும், பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்றும் அந்த விதிகள் கூறின. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்கு மட்டுமே அவ்வண்டியைச் சாலையில் ஓட்டலாம்.

நல்ல விதிதான். ஆனால் அது யாருக்கு என்று பார்க்க வேண்டும். இருசக்கர வண்டிகளுக்கும், ‘எம்1’ என்னும் வகையைச் சேர்ந்த நான்கு சக்கர வண்டிகளுக்கும்தான் அது பொருந்துகிறது. எம்1 என்றால் ஓட்டுநர் நீங்கலாக எட்டுப் பேருக்கு மேல் உட்கார முடியாத பயணிகள் வண்டி. அதாவது கார், ஜீப். சரக்கு லாரிக்கு அதில் இடமில்லை. மகாராஜா ஏறிய காரும், சுரங்க மேலதிகாரி ஓட்டிய காரும் பாரம்பரியச் சின்னமாகலாம். அரிசி மூட்டையும் மரக்கட்டையும் தண்ணீரும் ஏற்றி நமது லைன் வீடுகளுக்குக் கொண்டுவந்த லாரி ஆக முடியாது. இது முறையல்ல என்பது என் கருத்து.

தங்கவயலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததையும், 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததையும், சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியதையும் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை போட்ட ரயில் பாதையும் நினைவில் இருக்கிறது. ரயில்வேயில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அதில் பெருமையே. ஆனால் ரயில் மாரிக்குப்பத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து ராபர்ட்சன்பேட்டை கடைவீதிக்கும், ஆண்டர்சன்பேட்டைக்கும், ஒவ்வொரு சுரங்கத்தின் குடியிருப்புக்கும் பொருளைக் கொண்டு சேர்த்தவை மாட்டுவண்டிகளும் லாரிகளும்தான். வட ஆற்காட்டிலிருந்து வந்த நம் குடும்பங்கள் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் லாரியில் ஏறிப் போனதை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

ரயில்வே இந்த விஷயத்தில் நல்ல வழிகாட்டி. 1855-இல் செய்த ‘ஃபேரி குவீன்’ எஞ்சினை அதன் 22 என்ற எண்ணோடேயே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதே காலத்து 21-ஆம் எண் எஞ்சினைச் சென்னை பெரம்பூர் பணிமனையில் பழுதுநீக்கி 2010-இல் மீண்டும் ஓட வைத்தார்கள். எஞ்சினுக்கு எண்தான் பெயர். பராமரிப்புப் புத்தகம் முழுவதும் அந்த எண்ணில்தான் இருக்கும். எண்ணை மாற்றிவிட்டால் அந்த வரலாறு அறுந்துபோகும். லாரிக்கும் இதே கதைதான்.

லாரிக்குத் தனி விதி வேண்டும் என்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ‘முதலில் இருந்த வடிவம்’ என்ற நிபந்தனை காருக்குச் சரி. ஏனென்றால் கார் முழுமையாகத் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. நம் நாட்டில் லாரி அப்படி வரவில்லை. 1954 முதல் வந்த டாடா மெர்சிடிஸ் பென்ஸ் ஆகட்டும், அசோக் லேலண்டின் காமெட் ஆகட்டும், பெரும்பாலும் சேஸிஸாகவே விற்கப்பட்டன. மரத்தாலான பாடியை உள்ளூர்ப் பட்டறையில் ஆசாரிகள் கட்டினார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒரு முறை பாடியைப் பிரித்துப் புதிதாகக் கட்டுவதும் வழக்கம். ஆகவே லாரிக்கு மரப் பலகையைப் பார்த்து வயதைத் தீர்மானிக்க முடியாது. சேஸிஸ் எண், எஞ்சின் எண், முன்பக்க முகப்பு, அலுவலகப் பதிவேடு ஆகிய நான்கையும் ஒப்பிட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இனி எண் பலகை. இதில் ஆர்வலர்களே அடிக்கடி தடுமாறுகிறார்கள். இன்று வாடகை வண்டிக்கும் லாரிக்கும் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. இது 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. அதற்கு முன்பு சொந்த வண்டிக்குக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. லாரி, பஸ் முதலியவற்றுக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. ‘பழைய வண்டி என்றால் கறுப்புப் பலகை’ என்று எண்ணி, 1960-களின் லாரிக்குக் கறுப்புப் பலகை மாட்டினால் அது அந்தக் காலத்துக்குப் பொருந்தாது. ‘எம்.ஒய்.’ எண் கொண்ட லாரிக்கு மஞ்சள் பலகையும் பொருந்தாது.

அதற்காக அவரவர் விருப்பப்படி பலகை எழுதி மாட்டிக்கொண்டு சாலையில் போகலாம் என்று நான் சொல்லவில்லை. 2019 ஏப்ரலுக்கு முன் பதிவான வண்டிகளும் உயர் பாதுகாப்பு எண் தகடு பொருத்த வேண்டும் என்று கர்நாடக அரசு 2023 ஆகஸ்டில் ஆணையிட்டது. திருட்டையும் போலி எண்ணையும் தடுக்க அது தேவை. ஆனால் கண்காட்சி மைதானத்திலும் அனுமதி பெற்ற ஊர்வலத்திலும் அந்தந்தக் காலத்துப் பலகையை மாட்ட அனுமதிப்பதால் யாருக்கு நஷ்டம்? இங்கிலாந்தில் 1980-க்கு முன் செய்த வரலாற்று வண்டிகள் கறுப்புப் பலகையில் பழைய பாணி எழுத்தோடு சாலையிலேயே ஓடலாம். அமெரிக்காவில் கலிஃபோர்னியா முதலிய மாநிலங்களில், வண்டி செய்யப்பட்ட ஆண்டின் அசல் எண் தகட்டைத் தேடி எடுத்து, முறைப்படி பதிவு செய்து மாட்டிக்கொள்ள வழியுண்டு.

புகை, பிரேக், பாதுகாப்பு என்று சிலர் ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபணையே. ஆனால் வருடத்தில் சில நாள் மட்டும், பாரம் ஏற்றாமல், பிரேக்கும் ஸ்டியரிங்கும் சோதித்த பின் ஓடும் வண்டியைப் பற்றித்தான் பேசுகிறோம். காருக்கு வைத்த கட்டுப்பாட்டையே லாரிக்கும் வைக்கட்டும்; இன்னும் கடுமையாக வைத்தாலும் சரி.

இதில் நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகு பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் வேறு ஊர்களுக்கும் போன குடும்பங்கள் பல. வீட்டைக் காலி செய்யும்போது பழைய காகிதங்களை எடைக்குப் போடுவது வழக்கமாகிவிட்டது. தாத்தாவோ மாமாவோ லாரி வைத்திருந்தவர் என்றால், அந்த ஆர்.சி. புத்தகம், வரி ரசீது, பர்மிட், லாரியின் முன் நின்று எடுத்த புகைப்படம் எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். லாரியே எங்காவது ஒரு கொட்டகையில் நின்றால், இரும்பு வியாபாரியைக் கூப்பிடும் முன் சேஸிஸ் எண்ணைச் சுரண்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டு, போக்குவரத்து அலுவலகத்தில் ‘பி எக்ஸ்ட்ராக்ட்’ எனப்படும் பதிவேட்டு நகலுக்கு விண்ணப்பியுங்கள். ஆர்.சி. தொலைந்திருந்தால் 26-ஆம் எண் படிவத்தில் நகல் கேட்கலாம். வரி பாக்கி உண்டா என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று. வேறு மாநிலத்திலிருந்து வந்த வண்டி பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் புதிய எண் வாங்க வேண்டும் என்பது சட்டம். அதனால் சென்னை மாகாணத்து எண்ணோடு வந்த லாரிகள் இங்கே மைசூர் எண் பெற்றன. நாமும் அவ்வழியே வந்தவர்கள்தான். அந்த இரண்டு எண்களும் ஒரே ஆர்.சி. புத்தகத்தில் இருந்தால், அது நம் குடிபெயர்வுக்கே ஒரு சாட்சி.

கோயம்புத்தூரிலும் தர்மஸ்தலாவிலும் கார்களுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. தங்கவயலில் ஒரு லாரியாவது அதன் சொந்த எண்ணோடு நிற்க வேண்டும். சரக்கு வண்டிகளையும் விண்டேஜ் விதிகளில் சேர்க்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும், கண்காட்சிகளில் பழைய பலகைக்கு அனுமதி கேட்டு மாநிலப் போக்குவரத்துத் துறைக்கும் நம் சங்கம் மனு அனுப்பலாம். அடுத்த பொதுக்குழுவில் இதை எடுத்துப் பேசுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் பழைய லாரிக் காகிதம் வைத்திருப்பவர்கள் அன்று அதன் நகலைக் கொண்டு வந்தால் மனுவுக்கு வலு சேரும்.