வாங்கும் முன் வயலில் ஓட்டிப் பாருங்கள்!

மாடு பிடிக்கச் சந்தைக்குப் போகிறவர், போனதும் பணத்தை நீட்டிவிடுவதில்லை. பல்லைப் பார்க்கிறார். சுழி பார்க்கிறார். நடக்கவிட்டுப் பார்க்கிறார். விவரம் தெரிந்த நாலு பேரையும் கூட்டிப் போகிறார்.

டிராக்டர் வாங்கும்போது மட்டும் இந்தக் கவனம் எங்கே போய்விடுகிறது?

பளபளக்கும் வர்ணம், விற்பனையாளரின் இனிய பேச்சு, "முன்பணம் குறைவு" என்ற அறிவிப்பு. இவை போதும், கையெழுத்து விழுந்துவிடுகிறது!

மாடு சரியில்லை என்றால் அடுத்த சந்தையில் விற்றுவிடலாம். டிராக்டர் கடன் அப்படி அல்ல. பல ஆண்டுகள் தவணை கட்ட வேண்டும். பல குடும்பங்களில் நிலப் பத்திரமே வங்கியில் இருக்கும்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர். அதாவது 2 ஏக்கருக்கும் குறைவு. ஆகவே சிறிய டிராக்டர் மீது ஆசை பிறப்பதில் வியப்பில்லை. ஆனால், சிறிய டிராக்டர்கள் எல்லாம் ஒன்று அல்ல.

குதிரை சக்தி மட்டும் போதாது

ஸ்வராஜ் 717, மகிந்திரா யுவராஜ் 215 ஆகியவை 15 குதிரை சக்தி கொண்டவை. ஒரே சிலிண்டர். மகிந்திரா ஜீவோ 245 வண்டிக்கு 24 குதிரை சக்தி, 2 சிலிண்டர். குபோட்டா பி 2441 வண்டிக்கும் 24 குதிரை சக்திதான், ஆனால் 3 சிலிண்டர். 24 குதிரை சக்தி கொண்ட இவ்விரு வண்டிகளிலும் நான்கு சக்கரங்களும் இழுக்கும்.

ஒரு சிலிண்டர் எஞ்சின் எளிமையானது. விலையும் குறைவு. ஆனால் ஆட்டம் அதிகம். சிலிண்டர் கூடினால் ஓட்டம் சீராக இருக்கும்.

75 கிலோ எடையை ஒரு விநாடியில் 1 மீட்டர் உயரம் தூக்கும் பலமே ஒரு குதிரை சக்தி. விளம்பரத்தில் வரும் எண், எஞ்சினின் சக்தி. ரோட்டவேட்டரைச் சுற்றுவது அது முழுவதும் அல்ல. டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டுக்கு, அதாவது பி.டி.ஓ.வுக்கு, வந்து சேரும் சக்தி அதைவிடக் குறைவு. ஆகவே, "பி.டி.ஓ. சக்தி எவ்வளவு? எத்தனை கிலோ தூக்கும்?" என்று கேட்க வேண்டும்.

டேப் எடுத்து அளங்கள்

கடைக்குப் போகும் முன் தோட்டத்துக்குப் போங்கள். வாழை வரிசைக்கு நடுவே 6 அடி இருக்கலாம். பருத்திக்கு 3 அடிதான் இருக்கலாம். வண்டியின் அகலத்தோடு, இரு பக்கமும் இலை உரசாத இடைவெளியும் வேண்டும். வரப்போரம் திரும்பவும் இடம் வேண்டும்.

ரோட்டவேட்டர் பின்சக்கரத் தடத்தை மூடும் அகலத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் போன இடம் உழாமல் கிடக்கும். அதற்காக வண்டியின் பலத்துக்கு மீறிய ரோட்டவேட்டரைப் பூட்டினால் எஞ்சின் திணறும், டீசல் வீணாகும்.

சேறா, புழுதியா?

நெல் வயலில் சேறு அடிக்க, நான்கு சக்கர இழுப்பு கை கொடுக்கும். காய்ந்த தோட்டத்தில் களை எடுக்க மட்டும் என்றால், அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பானேன்?

பாரம் ஏற்றும் எண்ணமா? எச்சரிக்கை! எடை குறைந்த டிராக்டரில் அளவுக்கு மீறி டிரெய்லர் பாரம் இழுத்தால் முன்சக்கரம் தூக்கும். இறக்கத்தில் பிரேக்குக்கு அடங்காது. உயிருக்கே ஆபத்து.

புத்னி சொல்வது என்ன?

மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊர் இருக்கிறது. 1955-ல் அங்கே மத்திய அரசின் டிராக்டர் பயிற்சி நிலையம் தொடங்கியது. இன்று அது டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. பி.டி.ஓ. சக்தி, டீசல் செலவு, தூக்கும் எடை, பிரேக், திரும்பும் வட்டம் எல்லாம் அதில் இருக்கும்.

விளம்பரத்தைவிட இந்த அறிக்கையை நம்பலாம். ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்தால் உழவருக்கு என்ன பயன்? அதன் சுருக்கத்தைத் தமிழில் எழுதி ஒவ்வொரு டிராக்டர் கடையிலும் தொங்கவிட வேண்டும். அரசு இதைக் கட்டாயம் ஆக்கினால் நல்லது.

சொந்தமா, வாடகையா?

தவணை, காப்பீடு, பழுது எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக் கொள்வோம். வண்டி ஆண்டுக்கு 500 மணி நேரம் ஓடினால், மணிக்கு 200 ரூபாய். 100 மணி நேரமே ஓடினால், மணிக்கு 1,000 ரூபாய்! டீசல் செலவு தனி.

இந்தக் கணக்கோடு ஊரில் உள்ள வாடகையை ஒப்பிட்டுப் பாருங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையும் டிராக்டர் வாடகைக்கு விடுகிறது. மானியம் உண்டா என்றும் அங்கேயே கேட்கலாம். வாடகை மலிவு என்றால், வாங்காமல் இருப்பது அவமானம் அல்ல. அதுவே லாபம்.

வாங்குவது என்று முடிவானால், மூன்று நிபந்தனைகளை விடாதீர்கள். வண்டி உங்கள் வயலிலேயே, உங்கள் கருவியோடு ஒரு மணி நேரம் ஓடிக் காட்ட வேண்டும். பழுது பார்ப்பவரும் உதிரி பாகமும் பக்கத்து ஊரிலாவது கிடைக்க வேண்டும். வரி உட்பட முழு விலையையும் எழுதித் தர வேண்டும். டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் குறைப்பு உங்கள் விலையில் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னும் ஒன்று. வீட்டுச் செலவை இழுத்துப் பிடிப்பவர் இல்லத்தரசி. தவணை தவறினால் முதலில் நகையைக் கழற்றிக் கொடுப்பவரும் அவரே. அவருக்குத் தெரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாங்கிவிட்டார் என்பது ஒரு காரணம் ஆகாது. அவர் நிலம் வேறு, அவர் வருமானம் வேறு. உங்கள் வரப்புக்குள் வேலை செய்து, உங்கள் வருமானத்தில் கடன் அடையும் வண்டி எதுவோ, அதுவே நல்ல வண்டி!