சென்சரைக் கழற்றும் முன் வயரைப் பாருங்கள்

எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரை மாட்டினால் பி0135 என்று காட்டுகிறது. உடனே ஆக்சிஜன் சென்சரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது மாட்டிவிடுகிறார்கள். சில ஆயிரம் ரூபாய் காலி. ஆனால் அந்தக் கோடு சென்சர் செத்துவிட்டதாகச் சொல்லவில்லை. ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டுமே சொல்கிறது. அதில் ஃபியூஸ், வயர், கனெக்டர் எல்லாமே அடக்கம். உப்புக்காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்து அடிக்கும் காரைக்காலில் முதலில் சந்தேகப்பட வேண்டியது வண்டிக்கு அடியில் நனையும் கனெக்டரைத்தான். கழற்றினால் பின்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கலாம்.

சாதாரண சென்சரில் நான்கு வயர்கள். ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும் ஹீட்டருக்கு. மற்ற இரண்டும் சிக்னலும் அதன் எர்த்தும். பல சென்சர்களில் ஹீட்டர் வெள்ளை, சிக்னல் கறுப்பு. டென்சோவில் ஹீட்டரே கறுப்பு, சிக்னல் நீலம். நிறத்தை மட்டும் நம்பி இணைத்தால் வம்புதான். உள்ளே இருக்கும் சிர்கோனியா பீங்கான் ஏறத்தாழ 300 டிகிரி சூடானால்தான் வேலை செய்யும், அதற்குத்தான் ஹீட்டர். சூடேறியபின் பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட், குறைந்தால் 0.1 வோல்ட் என்று சிக்னல் ஏறி இறங்கும். இந்தத் தகவல் வராவிட்டால் கம்ப்யூட்டர் உத்தேசமாகப் பெட்ரோலை ஊற்றும். நாகையிலிருந்து வந்து, விலை குறைவென்று இங்கே டேங்கை நிரப்பிப் போகிறவரின் மிச்சம் புகையாகிவிடும்.

சோதிக்க நேரம் யாருக்கு இருக்கிறது என்று மெக்கானிக்குகள் கேட்பது நியாயமே. எஞ்சின் ஆறியபின் ஹீட்டர் வயர்களில் மல்டிமீட்டர் வைத்தால், நல்ல ஹீட்டர் சில ஓம் காட்டும். உள்ளே கட்டாகியிருந்தால் எதுவும் காட்டாது, அப்போது சென்சரை மாற்றத்தான் வேண்டும். ஓம் சரியாக இருந்தால் வண்டிப் பக்கம் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை. அதற்குக் கூலி கொடுக்க வாடிக்கையாளர் தயங்கக் கூடாது. வயரிங் வரைபடம் கிடைப்பதில்லை என்பது இன்னும் வலுவான குறை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபின் வண்டிகளின் எலக்ட்ரானிக்ஸ் கூடிவிட்டது. பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய அரசு 2022 டிசம்பரில் திறந்த இணையதளம் வாகனங்களையும் சேர்த்துக்கொண்டது. அந்த உரிமை தெருமுனை ஒர்க்‌ஷாப் வரை வரவேண்டுமானால், மாடல்வாரியாக வரைபடத்தைக் கம்பெனிகள் இலவசமாகத் தரவேண்டும்.

தெரியாமல் செய்யும் ரிப்பேரும் சென்சரைக் கொன்றுவிடும். பல சென்சர்கள் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை வயரின் உள்ளிழைகள் வழியாகவே இழுக்கின்றன. அறுந்த இடத்தில் ஈயம் வைத்துப் பற்றினாலோ, கனெக்டரில் கிரீஸ் அடைத்தாலோ அந்தக் காற்று நின்றுவிடும். கிரிம்ப் செய்துதான் சேர்க்க வேண்டும்.