கணினி தேர்ந்தெடுக்கும் முன்பே நடந்துவிடும் தேர்வு

பொதுச் சுகாதாரம், மக்கள்தொகையியல், வேளாண் பொருளாதாரம் போன்ற துறைகளில் இந்தியாவில் எழுதப்படும் ஆய்வேடுகளின் பகுப்பாய்வு அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் அடிக்கடி கண்ணில் படுகிறது: 'ஏஐசி மதிப்பு மிகக் குறைவாக அமைந்த மாதிரி சிறந்த மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.' எத்தனை மாறிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன, எந்த மென்பொருள் பயன்பட்டது, அதன் பதிப்பு எண் என்ன என்பவையெல்லாம் அருகிலேயே இருக்கும். அந்த மாதிரிகள் ஒவ்வொன்றையும் தரவின்மீது பொருத்திய செயற்கூறு எது, ஏன் அது தெரிவு செய்யப்பட்டது என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. வழிகாட்டியும் அதைக் கேட்பதில்லை. வாய்மொழித் தேர்விலும் அக்கேள்வி எழுவது அரிது. ஆய்வின் முடிவைத் தீர்மானிப்பதோ அதுதான்.

தொடர்புப் போக்குப் பகுப்பாய்வில், அதாவது ரிக்ரஷனில், மாறிகளைத் தானியங்கியாகத் தெரிவு செய்யும் கருவிகள் புதியவை அல்ல. எல்லாக் கூட்டுகளையும் முழுமையாகக் கணக்கிடாமலே சிறந்த கூட்டைக் கண்டறியும் வழியை ஃபர்னிவலும் வில்சனும் 1974-லேயே வெளியிட்டனர். ஆர் மொழியில் 'ஸ்டெப்' நெடுங்காலமாக உண்டு. 'மியூமின்' பொதியின் 'டிரெட்ஜ்' உண்டு. கால்காஞோவும் தெ மசான்கூரும் 2010-இல் வெளியிட்ட 'ஜிஎல்எம்மல்டி' உண்டு. கடைசியாகச் சொன்ன பொதியின் சிறப்பு, எந்தச் செயற்கூற்றைக் கொண்டு மாதிரியைப் பொருத்துவது என்பதைப் பயனரே ஓர் உள்ளீடாகத் தரலாம் என்பதாகும். தராவிட்டால் 'ஜிஎல்எம்' என்பதை அது தானாகவே எடுத்துக்கொள்ளும். பொதியை எழுதியவர்கள் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். அக்கதவு இருப்பதைக் கவனிக்காமல் கடந்து செல்பவர்களே மிகுதி.

கணக்கின் அளவு வியக்கத்தக்கது. 10 மாறிகள் இருந்தால் 1,024 மாதிரிகள். 20 மாறிகள் இருந்தால் 10,48,576. இத்தனையையும் பொருத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தந்து, வரிசைப்படுத்தி முதலிடத்தில் உள்ளதைக் கருவி நீட்டுகிறது. இவ்வளவு பெரிய தேடலுக்குப் பின் வந்த விடை என்பதால் அதற்கு ஒரு மதிப்பு கூடிவிடுகிறது. ஆனால் தேடல் எவ்வளவு விரிவானதாக இருந்தாலும், ஒரே செயற்கூறு வரைந்த வட்டத்துக்குள்தான் அது நடக்கிறது. வட்டம் தவறான இடத்தில் வரையப்பட்டிருந்தால், பத்து லட்சம் மாதிரிகளும் சேர்ந்தே தவறுகின்றன.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றை (2019–21) எடுத்துக்கொள்ளலாம். இந்திய ஆய்வு மாணவர்கள் மிகுதியாகக் கையாளும் தரவுகளுள் அதுவும் ஒன்று. 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 67.1 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள் என்பது அதன் கண்டறிதல். இதன் காரணிகளை ஆராய விரும்பும் ஒருவருக்குச் சார்ந்த மாறியை மூன்று விதமாக வைத்துக்கொள்ள வழியுண்டு. ஹீமோகுளோபின் அளவை அப்படியே வைக்கலாம். 11 கிராமுக்குக் கீழே உள்ளதா இல்லையா என 0, 1 ஆக்கலாம். லேசானது, மிதமானது, கடுமையானது எனப் படிநிலையாக்கலாம். மூன்றுக்கும் பொருத்தும் செயற்கூறு வெவ்வேறு. மூன்றின் ஏஐசி எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடவும் இயலாது. ஏனெனில் அவை விளக்க முயலும் பொருளே வேறு.

இரண்டாவது வழியைத் தெரிவு செய்த மாணவர், பரவல் குடும்பம் இன்னது என்று குறிப்பிட மறந்துவிட்டால் என்ன ஆகும்? 'ஜிஎல்எம்' எந்த எதிர்ப்பும் காட்டாது. அதன் இயல்புநிலை காஸியன் பரவல். 0, 1 என்னும் எண்களை அது சென்டிமீட்டரில் அளந்த உயரத்தைப் போலவே பாவித்துக் கோட்டைப் பொருத்திவிடும். ஏஐசி வரும், தரவரிசை வரும், அழகான வரைபடமும் வரும். லாஜிஸ்டிக் மாதிரி என்று ஆய்வேட்டில் எழுதப்பட்டது ஒருபோதும் ஓடவே இல்லை என்பதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

இது மறதி, திருத்திவிடலாம். எடைமதிப்பு விவகாரம் இதைவிட ஆழமானது. குடும்பநல ஆய்வின் கூறெடுப்பு இரண்டு கட்டமாக நடைபெறுவது: முதலில் கிராமங்களும் நகர்ப்புறக் கணக்கெடுப்புத் தொகுதிகளும், பிறகு அவற்றுள் வீடுகளும். சிறிய மாநிலங்களிலிருந்தும் போதிய எண்ணிக்கை வேண்டும் என்பதால் அங்கே விகிதத்துக்கு அதிகமாகவே எடுக்கப்படும்; அதைச் சமன்செய்ய ஒவ்வொருவருக்கும் ஓர் எடைமதிப்பு தரப்படுகிறது. தரவுக் கோப்பில் அது தசமப்புள்ளி இன்றி, பத்து லட்சத்தால் வகுக்கப்பட வேண்டிய முழு எண்ணாக இருக்கும்.

வகுத்துவிட்டு 'ஜிஎல்எம்'முக்கு எடையாகக் கொடுத்தால், வெற்றிகளின் எண்ணிக்கை முழு எண்ணாக இல்லை என்ற எச்சரிக்கை திரையில் தோன்றும். மாணவர் அஞ்சுகிறார். வகுக்காமல் கொடுத்தால் எச்சரிக்கை மறைந்துவிடும். மாணவர் நிம்மதி அடைகிறார். உண்மையில் இரண்டாவது நிலையில் ஒவ்வொரு குழந்தையும் பல லட்சம் குழந்தைகளாக எண்ணப்பட்டிருக்கிறது. கூடுதல் மாறி ஒவ்வொன்றுக்கும் ஏஐசி விதிக்கும் அபராதம் வெறும் 2. லைக்லிஹுட்டோ பல லட்சம் மடங்கு ஊதிப்போயிருக்கிறது. அந்த அபராதத்துக்கு அங்கே என்ன மதிப்பு? உள்ளே போட்ட மாறிகள் அனைத்தும் சிறந்த மாதிரியில் இடம்பிடித்துவிடும். அனைத்துக்கும் மூன்று நட்சத்திரம்.

முறையாக வகுத்தவரும் தப்பவில்லை. ஆரின் 'ஜிஎல்எம்' இருநிலை மாறிக்கு ஏஐசியைக் கணக்கிடும்போது எடைகளை முழு எண்ணாக உருட்டிக்கொள்கிறது. 1.4 எடை உள்ள குழந்தை 1 ஆகிறது. 0.4 எடை உள்ள குழந்தை பூச்சியமாகி, ஏஐசிக் கணக்கிலிருந்தே வெளியேறிவிடுகிறது. கெழுக்களை மதிப்பிடும்போது இருந்த குழந்தை, மாதிரியைத் தெரிவு செய்யும்போது இல்லை. குறைந்த எடை யாருக்கு என்று பார்த்தால் விகிதத்துக்கு மேல் எடுக்கப்பட்ட சிறிய பகுதிகளின் குடும்பங்களுக்கு. எவர் குரலும் விடுபடக் கூடாது என்று கூடுதலாகச் சேர்க்கப்பட்டவர்கள், எந்த மாறி முக்கியம் என்று முடிவாகும் இடத்தில் விடுபடுகிறார்கள். மகலனோபிஸ் 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கி, கூறெடுப்பின் பிழையையும் கள ஆய்வாளரின் பிழையையும் பிரித்தறிய வழிகண்ட நாடு இது. அந்நாட்டின் ஆய்வேடுகளில் கூறெடுப்பு வடிவம் மூன்றாம் அத்தியாயத்தில் விரிவாக விவரிக்கப்பட்டு, நான்காம் அத்தியாயத்தில் காணாமற்போவது வருத்தத்துக்குரியது.

கிராமத்தை ஒரு மட்டமாகக் கொண்ட கலப்பு மாதிரிக்குச் செல்பவர்களுக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. 'எல்எம்இ4' பொதியின் 'எல்மெர்' செயற்கூறு இயல்பாக ரெம்ல் முறையில் பொருத்துகிறது. பரவற்படிக் கூறுகளை மதிப்பிட அது நல்ல முறை. ஆனால் ரெம்ல் லைக்லிஹுட், மாதிரியில் எந்த நிலையான மாறிகள் உள்ளன என்பதைச் சார்ந்தே அமைவது. ஆகவே வெவ்வேறு மாறிகள் கொண்ட மாதிரிகளை அதைக் கொண்டு ஒப்பிடக் கூடாது. அதே பொதியில் 'அனோவா'வைக் கேட்டால், சாதாரண மீப்பெரு லைக்லிஹுட் முறையில் மறுபடி பொருத்திவிட்டே ஒப்பிடுகிறது. அதைச் செய்தியாகவும் அறிவிக்கிறது. சொந்தமாக எழுதிய உறைச் செயற்கூற்றில் இக்காவல் எதுவும் கிடையாது.

உறை எழுதுவதிலும் சிறு வம்புகள் உண்டு. சமன்பாட்டை எழுத்துத் தொடராக மாற்றும் 'டிபார்ஸ்', நீளம் கூடினால் அதைப் பல துண்டுகளாக வெட்டிவிடும். மூன்று மாறிகளில் சோதித்தபோது ஒழுங்காக ஓடிய உறை, பன்னிரண்டு மாறிகளில் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம். விடுபட்ட மதிப்புகளும் அப்படியே. தந்தையின் கல்வி பதிவாகாத குடும்பங்கள் அந்த மாறி உள்ள மாதிரியில் நீங்கிவிடும், இல்லாத மாதிரியில் இருக்கும்; இரண்டின் ஏஐசியும் இரு வேறு தரவுகளுக்கு உரியவை. 'ஸ்டெப்' இதைக் கண்டால் நின்றுவிடுகிறது. 'டிரெட்ஜ்' தொடக்கத்திலேயே மறுக்கிறது. அந்த மறுப்பைத் தொல்லை என்று கருதி வேறு கருவிக்கு மாறுபவர்கள் பலர்.

மறுபக்கத்தின் வாதத்தையும் கேட்க வேண்டும். பெரும்பாலான துறைகளில் புள்ளியியலாளர் இல்லை. கலப்பு லாஜிஸ்டிக் மாதிரி ஒன்றை இரண்டு லட்சம் வரிகளின்மீது பொருத்தவே நேரம் பிடிக்கும். 12 மாறிகளுக்கு 4,096 முறை பொருத்துவதென்றால் மாணவரின் மடிக்கணினி தாங்காது. உதவித்தொகையோ காலவரையறை உடையது. ஆகவே வேகமான செயற்கூற்றைத் தெரிவு செய்கிறார்கள். இந்நெருக்கடி உண்மையானது, ஆனால் அதிலிருந்து வரும் முடிவு தலைகீழானது. சரியான செயற்கூற்றைக் கொண்டு 4,096 மாதிரிகளை ஓட்ட இயலவில்லை என்றால், குறைக்க வேண்டியது 4,096 என்னும் எண்ணை. தாயின் கல்வி, குடும்பச் செல்வநிலை, குழந்தையின் வயது ஆகியவை இடம்பெற வேண்டுமா என்று கணினியைக் கேட்க வேண்டியதில்லை. துறையின் அறிவே அதற்குப் போதும். மீதமுள்ள ஐயங்களுக்கு ஆறேழு மாதிரிகள் போதுமானவை. வெறும் இரைச்சலாக உருவாக்கிய 50 மாறிகளை 100 வரிகளில் சலித்தெடுத்து மறுபடி பொருத்தினால், பொருளுள்ளவை போலத் தோன்றும் கெழுக்கள் கிடைக்கும் என்று டேவிட் ஃப்ரீட்மன் 1983-லேயே காட்டிவிட்டார். வேகமான தவறான தேடல், அந்தச் சலிப்பைப் பெரிய அளவில் செய்வதே.

கூறெடுப்பு வடிவத்தைக் கணக்கில் கொள்ளும் செயற்கூறு இல்லாமலும் இல்லை. தாமஸ் லம்லியின் 'சர்வே' பொதியில் 'எஸ்விஒய்ஜிஎல்எம்' உள்ளது. அதற்கேற்ற ஏஐசியை லம்லியும் அலாஸ்டர் ஸ்காட்டும் 2015-இல் வகுத்தளித்தனர். அபராதம் அங்கே வெறும் 2 அன்று, கூறெடுப்பு வடிவத்தின் விளைவால் பெருக்கப்பட்டது. அது ஒரே எண்ணுக்குப் பதில் மூன்று எண்களைத் தருவதால் தானியங்கிக் கருவியில் நேரடியாகப் பொருந்தாது. இரண்டாவதைப் பிரித்தெடுக்கச் சிறு உறை ஒன்று எழுத வேண்டும். முதலில் தரவு எப்படிப் பெறப்பட்டது என்பதிலிருந்து செயற்கூறு, அடுத்து அச்செயற்கூற்றுக்குப் பொருளுடைய அளவுகோல், அதன் பிறகே தேடல் என்ற வரிசையில் சென்றால், எழுத வேண்டிய நிரல் நான்கு அல்லது ஐந்து வரிகள்.

அந்த வரிகள் ஆய்வேட்டில் அச்சாவதில்லை என்பதே கடைசிச் சிக்கல். பல்கலைக்கழகங்கள் கருத்துத் திருட்டுச் சோதனையின் சதவீதத்தைக் கேட்டு வாங்குகின்றன. வினாப்பட்டியல் பின்னிணைப்பாகப் பத்துப் பக்கம் சேர்கிறது. நன்றியுரை நான்கு பக்கம். மாதிரியைப் பொருத்திய செயற்கூற்றையும் அதற்குக் கொடுத்த உள்ளீடுகளையும் ஒரு பக்கத்தில் இணைக்கும்படி துறைக் குழுக்கள் கேட்கத் தொடங்கலாம். அதற்கு ஒழுங்காணையோ கூடுதல் நிதியோ தேவையில்லை. எடைமதிப்பு பத்து லட்சத்தால் வகுக்கப்பட்டதா, பரவல் குடும்பம் குறிப்பிடப்பட்டதா என்பதைத் தேர்வாளர் அந்தப் பக்கத்தைப் பார்த்த அரை நிமிடத்தில் அறிந்துகொள்வார்.