பச்சைப் பிடரியும் வேணாம், பிளாஸ்டிக் முடியும் வேணாம்!



காட்டுயிர்ப் படம் எடுக்கிறவங்க ரெண்டு பேர் சேர்ந்தா லென்ஸ் பத்திப் பேசுவாங்க. மூணாவது ஆள் வந்தா பிற்தயாரிப்பு பத்தி சண்டை வந்துடும். அதுலயும் நிறச்சாயலை எவ்வளவு எடுக்கறது, நாய்ஸை எவ்வளவு துடைக்கறதுங்கிற ரெண்டு மேட்டருக்கும் முடிவே கிடையாது. என் கட்சி எதுன்னு இங்க சொல்லிடறேன்.

கண்ணு கண்டுக்காத சாயலை எடுங்க, கண்ணு ரசிச்ச சாயலை விட்டுடுங்க. நிறப்புள்ளியை தாராளமா துடைங்க, சொரசொரப்பைக் கொஞ்சம் மிச்சம் வைங்க. அவ்ளோதான்.

வால்பாறை சோலைமந்தியையே எடுத்துக்குவோம். உடம்பு முழுக்க கறுப்பு, முகத்தைச் சுத்தி சாம்பல் பிடரி. மரத்தடி நிழல்ல உக்காந்திருக்கு. இலைகள் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிட்டு பச்சையைத்தான் அதிகமா கீழ விடுது. நம்ம மூளை அதை சரிக்கட்டி 'சாம்பல் பிடரி'ன்னு சொல்லிடும். கேமராவுக்கு அந்த சாமர்த்தியம் பத்தாது, பிடரி பச்சையா விழும். இந்தச் சாயலை எடுக்கத்தான் வேணும், அதுல தப்பே இல்ல.

எப்படி எடுக்கறதுங்கிறதுலதான் வம்பு. வைட் பேலன்ஸ் சொட்டானை எடுத்து பிடரி மேல ஒரு கிளிக், வேலை முடிஞ்சதுன்னு எழுந்து போறவங்க ஜாஸ்தி. அந்தப் பிடரி சுத்த சாம்பல் இல்லீங்க, பழுப்பு கலந்தது. அதை சுத்த சாம்பலாக்கினா மொத்தப் படமும் நீலத்துக்குச் சாயும். அதுக்கு பதிலா டிண்ட் ஸ்லைடரை மெஜந்தா பக்கம் கொஞ்சம் கொஞ்சமா தள்ளுங்க. கறுப்பு முடியோட நிழல்ல ஊதா தெரிய ஆரம்பிச்சா ஒரு அடி பின்னாடி வாங்க. இதைவிட நல்ல வழி, பாக்கெட்ல ஒரு சாம்பல் அட்டை. மந்தி நகர்ந்ததும் அதே நிழல்ல அட்டையை ஒரு படம் எடுத்துக்கிட்டா சொட்டானுக்கு நேர்மையான இடம் கிடைச்சாச்சு. வெள்ளைக் காகிதம் சரிப்படாது, அதுல சேர்க்கிற வெளுப்பான் நீலம் காட்டும். இதெல்லாம் ரா ஃபைல்ல சேதாரமில்லாம நடக்கும். ஜேபெக்ல நிறம் ஏற்கனவே வெந்து முடிஞ்ச சோறு!

ஆனா வேடந்தாங்கல்ல காலைப் பொன்வெயில்ல நிக்கிற கூழைக்கடா கதையே வேற. அந்தப் பொன் நிறத்தை நீங்க நின்னு ரசிச்சிருக்கீங்க. ஆட்டோ வைட் பேலன்ஸ் போட்டு அதைக் கழுவி, சாம்பல் பூத்த பறவையை சலவைக்குப் போட்ட வேட்டி மாதிரி ஆக்கினா அது திருத்தம் இல்ல, அழிப்பு.

இப்போ நாய்ஸ். நிறத்தைத் திருத்தினா நாய்ஸும் கூடும்னு பலர் யோசிக்கறதில்ல. பெரும்பாலான சென்சார்ல நாலு புள்ளிக்கு ரெண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். பச்சைச் சாயலை எடுக்கணும்னா சிவப்பையும் நீலத்தையும் பெருக்கணும். கூடவே அதுல இருக்கிற நாய்ஸும் பெருகும். மந்தியோட கறுப்பு முடியில ஊதாத் திட்டு வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த நிறத்திட்டை கவலைப்படாம துடைங்க, கண்ணோட பழுப்பு நிறம் வழியுதான்னு மட்டும் 100 சதவீதத்துல பெருசாக்கிப் பாருங்க. வெளிச்சத்துல வர்ற நாய்ஸ் அப்படி இல்ல. ஒரு முடியோட தடிமனும் நாய்ஸ் புள்ளியோட அளவும் கிட்டத்தட்ட ஒண்ணு, எது முடி எது நாய்ஸ்னு ஸ்லைடருக்குத் தெரியாது. முழுசா இழுத்தா மந்தி மெழுகு பொம்மை ஆயிடும். மாஸ்க் போட்டு பின்னணியை நல்லா துடைங்க, விலங்கை லேசா தொடுங்க. ஷார்ப்பன் பண்றது எல்லாத்துக்கும் கடைசி. டார்க்டேபிள், ராதெரபி ரெண்டும் இலவசம், ரெண்டுலயும் இதெல்லாம் முடியும்.

இன்னொண்ணு, படத்தோட அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினா நாலு புள்ளி சேர்ந்து ஒண்ணாகும், நாய்ஸும் பாதியாகும். அதனால போடப்போற அளவுல ஒருதரம் பாத்துட்டு அப்புறம் பயப்படுங்க :-) ஐஎஸ்ஓ 3200ஐப் பாத்து மிரண்டு, இருட்டா எடுத்து, அப்புறம் கம்ப்யூட்டர்ல தூக்கிவிடறதுல ஒரு லாபமும் இல்ல. நாலு மடங்கு வெளிச்சம் சேர்ந்தாத்தான் படம் ரெண்டு மடங்கு சுத்தமாகும், அது காட்டுலயே முடிவாகிற சமாச்சாரம்.

"ஏஐ இருக்கும்போது இவ்ளோ பேச்சு எதுக்கு?"ன்னு கேப்பீங்க. 2023ல லைட்ரூம்லயே ஏஐ டீநாய்ஸ் வந்தாச்சு, அசத்தலா வேலை செய்யுது, மறுக்கல. ஆனா அது கத்துக்கிட்டதை வெச்சு ஊகிக்குது. ஃபிரேம்ல கடுகளவு இருக்கிற குருவிக்கு, கேமரா பதியாத இறகையும் அது வரையலாம்.

வரைஞ்சா என்னன்னா, குளிர்காலத்துல நம்ம ஊருக்கு வர்ற கதிர்க்குருவிகளைப் பாருங்க. இறக்கைப் பட்டை, புருவக்கோடு, கொஞ்சம் பச்சை, கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் மஞ்சள், இந்தச் சின்ன வித்தியாசத்துலதான் ஒரு இனத்தை இன்னொண்ணுலேர்ந்து பிரிக்கிறாங்க. நாம ஈபேர்ட்ல ஏத்துற படம் ஒரு சாட்சி. இலைச்சாயல் விழுந்த பழுப்புக் குருவி பச்சைக் குருவின்னு பதிவானா, அடுத்து அதை நம்பி எண்ணுறவரோட கணக்கும் தப்பும். சுவத்துல மாட்டற படத்துக்கு ஏஐ போட்டு ஜமாய்ங்க. பதிவுக்குப் போற படத்துல கையைக் கட்டிக்குங்க, ரா ஃபைலை அழிக்காதீங்க.

"என் படம், என் கலை, என் இஷ்டம்"னு ஒரு கூட்டம் உண்டு. தாராளமா, புலியை கறுப்பு வெள்ளையாக்குங்க, யாரும் அதைப் பாத்து ஏமாற மாட்டாங்க. ஆரஞ்சை ரெண்டு பங்கு ஏத்திட்டு 'காட்டுல அப்படியே இருந்துச்சு'ன்னு எழுதறதுதான் எனக்கு ஒத்துக்கல.

போறதுக்கு முன்னாடி ரெண்டு சின்ன விஷயம். ராத்திரி எடிட் பண்றவங்க மானிட்டர்ல நைட் லைட் வசதியை அணைச்சுட்டு உக்காருங்க, இல்லேன்னா மஞ்சள் திரையைப் பாத்துப் பாத்து படத்தை நீலமாக்கிடுவீங்க. வலையில ஏத்தும்போது எஸ்ஆர்ஜிபில சேமிங்க.

மாற்றுக் கருத்து இருக்கிறவங்க பின்னூட்டத்துல வந்து தாக்குங்க. கூடவே திருத்துறதுக்கு முன்னாடி எடுத்த படத்தையும் கொண்டு வாங்க, பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துட்டே சண்டை போடுவோம்!