ஆற்றில் இல்லாத அணை

அணைப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஆண்டுகள் உருண்டுவிட்டன. அதன் முதல் பக்கங்களிலேயே விழுந்த ஓட்டையை அடைக்க மட்டும் எவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. ஆற்றின் குறுக்கேயோ கிளையாற்றின் குறுக்கேயோ நீரைத் தேக்கவும் திருப்பவும் கட்டியதுதான் அணை என்கிறது 2021ஆம் ஆண்டின் அந்தச் சட்டம். சுரங்கக் கழிவுச் சேற்றையும் அனல்மின் நிலையச் சாம்பலையும் தேக்கிவைக்கும் மண்கரைகள் ஆற்றின் குறுக்கே நிற்பதில்லை. ஆகவே அவை எத்தனை மீட்டர் உயர்ந்தாலும் அணை ஆகா. மழைக்கு முன்னும் பின்னும் இந்தச் சட்டப்படி ஆய்வு கிடையாது. உடைந்தால் யார் வீடு போகும் என்று கணக்கிட்டு அபாய வகை குறிக்கும் கடமையும் கிடையாது.

தெரியாமல் நேர்ந்த பிழை என்று விட்டுவிடலாம் என்றால், தேதிகள் விடவில்லை. மக்களவை இந்த மசோதாவை நிறைவேற்றியது 2019 ஆகஸ்ட் 2 அன்று. ஐந்தாம் நாள் மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலியில் ஒரு தனியார் அனல்மின் நிலையத்தின் சாம்பல் கரை உடைந்து வயல்களை மூடியது. அக்டோபரில் அதே மாவட்டத்தில் விந்தியாசல் நிலையத்துச் சாம்பல் குளம் உடைந்தது. 2020 ஏப்ரலில் மறுபடியும் அதே மாவட்டம், சாசன் நிலையம். குழந்தைகள் உட்பட 6 பேரைச் சேறு அடித்துக்கொண்டு போனது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 2019 ஏப்ரலில், ஜார்க்கண்டின் மூரியில் அலுமினா ஆலையின் செஞ்சேற்றுக் குவியல் சரிந்திருந்தது. 2021 டிசம்பர் 2 அன்று மாநிலங்களவை மசோதாவைக் கையில் எடுத்தபோது இந்த நான்கும் நடந்து முடிந்த செய்திகள். ஒரு வரி சேர்க்க இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவகாசம் இருந்தது. சேர்க்கவில்லை.

சாம்பலுக்குத்தான் தனி அறிவிக்கை இருக்கிறதே என்று உடனே பதில் வரும். இருக்கிறது. 2021 டிசம்பர் 31 அன்று வந்த அந்த அறிவிக்கை சாம்பல் குளங்களுக்கு ஆண்டுதோறும் சான்று வேண்டும் என்கிறது. ஆனால் அது சாம்பலை எப்படிச் செலவழிப்பது என்ற கவலையில் பிறந்தது. கரைக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றிய கவலையில் அல்ல. சுரங்கச் சேற்றுக்கு அதுவும் பொருந்தாது.

ஒரு கரைக்கு இரண்டு மதிப்பீடு வேண்டும். கரை திடமாக இருக்கிறதா என்பது ஒன்று. உடைந்தால் எத்தனை பேர் போவார்கள் என்பது இன்னொன்று. முதலாவதில் நல்ல மதிப்பெண் வாங்கினால் இரண்டாவது குறைந்துவிடாது. பிரேசிலின் புருமாடினோ சுரங்க அணை அந்நாட்டுப் பட்டியலில் ‘உடையும் வாய்ப்பு குறைவு, உடைந்தால் சேதம் அதிகம்’ என்று இரண்டு குறிப்புகளோடும் இருந்தது. சில மாதங்களுக்கு முன்புதான் ஒரு பன்னாட்டுத் தணிக்கை நிறுவனம் உறுதிச் சான்றும் கொடுத்திருந்தது. பொறுப்பில் இருந்தவர்கள் முதல் குறிப்போடு திருப்தி அடைந்தார்கள். தொழிலாளர் உணவகமும் அலுவலகமும் கரைக்கு நேர் கீழே இருந்தன. 2019 ஜனவரி 25, மதியச் சாப்பாட்டு வேளையில் கரை இளகியது. 270 உயிர்கள். அங்கே குறிப்பு இருந்தும் மதிக்கவில்லை. இங்கே மதிக்காமல் விடுவதற்குக்கூட ஒரு குறிப்பு இல்லை.

விருதுநகர் மாவட்டத்துக்கு மண்கரை புதிதல்ல. வெம்பக்கோட்டையும் கோல்வார்பட்டியும் ஆனைக்குட்டமும் இருக்கட்டும். கண்மாய் இல்லாத ஊர் எது? கரையடியில் கசிவு தெளிந்து வந்தால் படுத்துத் தூங்கலாம், கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் அரிபடுகிறது, மண் மூட்டையோடு ஓட வேண்டும் என்பது இங்கே படிக்காத விவசாயிக்கும் தெரியும். கண்மாய்க்குக் கலுங்கு உண்டு, மிஞ்சியது வழிந்துவிடும். கழிவுச் சேற்றுக் குளத்தில் கரையை ஒரே மூச்சில் கட்டி முடிப்பதில்லை. நிரம்ப நிரம்ப, பல இடங்களில் பழைய சேற்றின் மேலேயே மண்ணைப் போட்டு, உயர்த்திக்கொண்டே போகிறார்கள். மேலே கால் வைத்தால் கெட்டியாக இருக்கும் அந்தச் சேறு, ஈரம் ஏறி ஓர் எல்லை தாண்டினால் ஒரே நொடியில் ஓடத் தொடங்கிவிடும். தண்ணீர் தேக்கும் கரையைவிட மோசமானது எது என்று இதற்கு மேலா விளக்க வேண்டும்? பக்கத்துத் தூத்துக்குடியிலும் மேட்டூரிலும் எண்ணூரிலும் சாம்பல் குளங்கள் உண்டு. எண்ணூர் செப்பாக்கம் மக்கள் சாம்பல் குளத்தின் ஓரத்திலேயே குடித்தனம் நடத்துகிறார்கள்.

ஆளைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்து வகை பிரிக்கும் இந்தப் பழக்கம் சிவகாசிக்கு நெடுநாள் பழக்கம். பட்டாசு ஆலை உரிமம் மருந்தின் எடையைப் பார்த்து வருகிறது. 15 கிலோ வரை மாவட்ட வருவாய் அலுவலர். அதற்கு மேல் சென்னை, நாக்பூர் வெடிபொருள் துறை அலுவலகங்கள். ஓர் அறையில் எத்தனை பேர் உட்கார வேண்டும் என்பதும் எழுத்தில் உண்டு. அறைகளை உள்குத்தகைக்கு விட்டு, இடம் போதாமல் மரத்தடியில் மணி மருந்து காயவைத்து, ஃபேன்சி வெடிக்கு மருந்து செலுத்திக்கொண்டிருக்கும் பெண்களின் எண்ணிக்கைதான் எந்த எழுத்திலும் இல்லை.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 38 பேர் பலி. விதிமீறலுக்காக உரிமத்தை நிறுத்தி வைத்திருந்த நிலையிலேயே ஆலை ஓடிக்கொண்டிருந்தது. மத்திய அரசு குழு அமைத்தது. 2021 பிப்ரவரி, அச்சங்குளம். இருபது பேருக்கு மேல். பசுமைத் தீர்ப்பாயம் குழு அமைத்தது. 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், 2024 பிப்ரவரியில் ராமுதேவன்பட்டி, மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. ஒவ்வொரு முறையும் போர்மேன் கைது, உரிமம் தற்காலிக ரத்து, ஆய்வுக் குழு, நிவாரணக் காசோலை, பிறகு தீபாவளி ஆர்டர். உரிமம் கொடுத்த மேசைவரை விசாரணை எட்டுவது அபூர்வம். குழுக்களின் பரிந்துரைகளைக் கரையான் தின்றதா, அலமாரி தின்றதா என்று கேட்கும் ஆர்வமும் இங்கே பலருக்குப் போய்விட்டது.

வெடிபொருள் ஓர் அமைச்சகம், அணை வேறோர் அமைச்சகம், இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள் என்பார்கள். எங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒரே தில்லி. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பிணம் விழுந்த பிறகு எண்ணுவதில் வல்லவர்கள். விழுவதற்கு முன்னால் எண்ணச் சொன்னால் மட்டும் அதிகார வரம்பு பற்றிப் பாடம் எடுப்பார்கள்.

சட்டத்தைத் திருத்துவார்களோ, தனிச் சட்டம் கொண்டுவருவார்களோ, விதியாகவே சேர்ப்பார்களோ, அது அவர்கள் பாடு. சம்பளம் அதற்குத்தான். தென்மாவட்ட எம்.பி.க்களில் ஒருவராவது வரும் கூட்டத்தொடரில் எழுந்து இதைக் கேட்கட்டும். அதுவரை, ஒவ்வொரு சாம்பல் குளத்துக்கும் சேற்றுக் குளத்துக்கும் கீழே இருக்கும் ஊர்களின் பெயரையும், கரை உடைந்தால் சேறு எத்தனை நிமிடத்தில் அங்கே வந்து சேரும் என்பதையும் தமிழில் எழுதி அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை.