மனக்காயத்துக்கு மருத்துவம் எங்கே?

2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அந்த அதிர்ச்சியில் உறவினர் ஒருவர் இறந்துபோனார். வெட்டியவர்கள் ஆதிக்க சாதியைச் சேர்ந்த சக மாணவர்கள். அமைச்சர் வந்தார். நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு பற்றி ஊடகங்கள் ஓயாமல் விவாதித்தன. இப்படித் தாக்கப்பட்ட வீடுகளில், அதற்குப் பிறகு ராத்திரி கதவு தட்டும் சத்தம் கேட்டால் என்ன ஆகிறது என்று யாரும் விவாதித்து நான் பார்க்கவில்லை.

அந்தத் திடுக்கிடலுக்கு மருத்துவம் உண்டு. கண் அசைவுச் சிகிச்சை அதில் ஒன்று. இஎம்டிஆர் என்பார்கள். அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷாப்பிரோ 1987இல் தொடங்கி, 1989இல் தன் முதல் ஆய்வை வெளியிட்டார். பாதிக்கப்பட்டவர் அந்தக் கொடிய காட்சியை மனதில் நிறுத்திக்கொண்டே, சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமும் போவதைக் கண்ணால் தொடர வேண்டும். அரை நிமிடம் போல ஆனதும் நிறுத்தி, இப்போது என்ன தோன்றுகிறது என்று கேட்பார்கள். மறுபடி தொடர்வார்கள். மந்திரமும் இல்லை, மயக்கமும் இல்லை. நினைவைப் பிடித்துக்கொண்டே விரலையும் பின்தொடர்வதால் மூளையின் கவனம் பங்குபடுகிறது, நினைவின் கூர்மை மழுங்குகிறது என்பது ஒரு விளக்கம். கண் அசைவு உண்மையில் தேவைதானா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்; போடட்டும். 2013இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த சிகிச்சைகளில் இதுவும் உண்டு.

நமக்கான சிக்கல் வேறு. ஆபத்து முடிந்துவிட்டது, நினைவு மட்டும் முடியவில்லை என்ற இடத்திலிருந்துதான் இந்தச் சிகிச்சை புறப்படுகிறது. தாமிரபரணிக் கரையில் ஆபத்து எங்கே முடிந்தது? வெட்டியவன் ஜாமீனில் வந்து அதே பேருந்தில் ஏறுகிறான். அப்போது உடம்பு நடுங்கினால் அது நோயா, எச்சரிக்கையா? பாதுகாப்பும் தண்டனையும் இல்லாமல் விரலை மட்டும் ஆட்டுவது ஏமாற்று.

அதற்காக, இதெல்லாம் நடுத்தர வர்க்கத்தின் சொகுசு என்று சில தோழர்கள் ஒதுக்குவதையும் ஏற்க முடியாது. சாதி ஒழிகிற வரைக்கும் தூங்காமல் இருங்கள் என்று யாரிடம் சொல்வது? 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர் பேரணியில் போலீஸ் தடியடிக்குத் தப்பி ஆற்றில் விழுந்தவர்கள் உட்பட 17 பேர் இறந்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. ஆண்டுதோறும் அந்த நாளில் மலர் தூவுகிறோம். வருகிறவர்களில் சிலர் தண்ணீர்ப் பக்கம் இறங்குவதே இல்லை. கரையிலேயே நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்களுக்கு மலர் மட்டும் போதுமா?

வன்கொடுமைத் தடுப்பு விதிகளைப் பாருங்கள். கொலை, நிரந்தர ஊனம் போன்ற வழக்குகளில் ஓய்வூதியம், வேலை, வீடு, பிள்ளைகளின் படிப்பு, மூன்று மாதத்துக்குப் பாத்திரம் பண்டம், அரிசி, கோதுமை, பருப்பு வரை வரிசையாக எழுதியிருக்கிறது. மனசுக்கான சிகிச்சை அந்த வரிசையில் இல்லை. ஆனால் உடனடி நிவாரணத்தில் 'மருத்துவ உதவி' என்ற சொல் இருக்கிறது. அரசு நடத்தும் சேவைகளில் மனநல சிகிச்சை பெறுவது எல்லோருடைய உரிமை என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் மாவட்ட ஆட்சியருக்குக் கடமை வந்துவிடுகிறது.

கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்குப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். வந்துபோக பஸ் கட்டணமும் ஒருநாள் கூலியும் நிவாரணக் கணக்கில் சேர வேண்டும். எதிரே உட்கார்கிறவர் முதல் கேள்வியாக "நீ என்னப்பா பண்ணின, அவங்க சும்மாவா அடிச்சாங்க?" என்று கேட்காதவராக இருக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் காவல் நிலையத்திலேயே கேட்டுவிட்டுத்தான் அந்தப் பிள்ளை வருகிறது.